ஒட்டகப் பால் உறையாமல் போனது

அந்தக் காலத்தில் ஒட்டகங்கள் பேசும். அவற்றின் பாலும் அப்போது நன்றாக உறையும். அந்தத் தயிரைக் கடைந்து, மோரில் கம்பு மாவைக் கரைத்துக் காய்ச்சிய கூழ்தான் தார்ப் பாலைவனத்து மேய்ப்பர்களுக்குச் சோறு. தண்ணீர் விட்டுச் சமைக்கலாமே என்பீர்கள். அங்கே குடிக்கவே தண்ணீர் கிடைக்காது, சமைப்பதாவது.

ஒட்டகத்துக்கும் மேய்ப்பர்களுக்கும் ஒரு பேச்சு இருந்தது. மடியில் நான்கு காம்பு. இரண்டு கன்றுக்கு, இரண்டு வீட்டுக்கு. அதை யாரும் மீறியதில்லை.

அங்கே ஜேட்டி என்று ஒரு மேய்ப்பர் வீட்டுப் பெண். மூன்றாவது வருஷமாக மழை இல்லை. ஆடுகள் போயின, மாடுகள் போயின. மிஞ்சியது ஒரு தாய் ஒட்டகம், அதன் கன்று, காய்ச்சலில் விழுந்த கணவன் கேமா. அவனை ஒட்டகத்தின் முதுகில் கட்டிவைத்துக் கிணறு கிணறாக நடந்தாள். போன கிணறெல்லாம் வறண்டு கிடந்தது. நடந்து நடந்து அவளுக்கு அழக்கூட அலுப்பாக இருந்தது.

கேமாவால் கம்பு ரொட்டியை மெல்ல முடியவில்லை. பச்சைப் பால் கொடுத்தால் வாந்தி. "ரெண்டு வாய் கூழ் கிடைக்குமா, ஜேட்டி? கொஞ்சம் புளிப்பா. அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றான்.

கூழுக்குத் தயிர் வேண்டுமே. வீட்டுப் பங்கான இரண்டு காம்பிலும் கறந்தால் பானையின் அடிகூட நனையவில்லை. பொழுது சாய்கிற நேரம். ஜேட்டியின் கை மூன்றாவது காம்புக்குப் போயிற்று.

"அது கன்னோடது" என்றது ஒட்டகம்.

"தெரியும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும். நாளைக்குக் கிணறு வந்துடும்."

ஒட்டகம் ஓர் உதை விட்டிருக்கலாம். பல நாளாகத் தண்ணீர் காணாத உடம்பு, காலைத் தூக்க மனசு வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. நான்காவது காம்பும் காலியாயிற்று. ஜேட்டி பால் உறையத் துளி மோர் விட்டுப் பிரை குத்திப் பானையின் வாயைத் துணியால் கட்டினாள்.

காலையில் கன்று நாற்பது அடி நடந்தது, உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. தாயின் மடியில் ஒரு சொட்டு இல்லை.

"பானையில இருக்கே, ஊத்து" என்றது தாய்.

ஜேட்டி ஓடிப்போய்ப் பானையைத் திறந்தாள். அவள் கைப்பட்டு அவ்வளவு கெட்டியாக எந்தத் தயிரும் உறைந்ததில்லை. அள்ளிக் கன்றின் வாயில் வைத்தாள். கன்றுக்குச் சப்பத்தான் தெரியும். தயிர் உதட்டோரம் வழிந்து மணலில் விழுந்தது. விரலால் கடைந்து நீர்க்கப் பார்த்தாள். கடைவதற்குள் கன்றின் தலை சாய்ந்துவிட்டது.

"பாலா இருந்திருந்தா குடிச்சிருக்கும்" என்றது ஒட்டகம்.

"என் மேல கோவமா?"

"கோவப்படத் தெம்பில்ல, ஜேட்டி. ஆனா இனிமே என் பால் உறையாது. எங்க இனத்துப் பாலே உறையாது. பசிச்சா வந்து கேளுங்க, அப்பவே குடிங்க. நாளைக்குன்னு எடுத்து வைக்காதீங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தயிரைக் கொட்டிடாதே. உன் வீட்டுக்காரனாவது பொழைக்கட்டும்" என்றது. ஒட்டகம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஜேட்டி கூழ் காய்ச்சினாள். கேமா வயிறாரக் குடித்து, "நல்ல புளிப்பு" என்றான். அவள் பானையைக் கன்றைப் புதைத்த மணல்மேல் கவிழ்த்துவிட்டு நடந்தாள். கேமா பிழைத்தான்.

மழை பெய்து அடுத்த கன்று பிறந்தபோது அவள் கறக்கப் பானை எடுத்துப் போகவில்லை. எருக்கிலையைக் கூம்பாகச் சுருட்டிக்கொண்டு போனாள். அதைக் கீழே வைக்க முடியாது, வைத்தால் சாய்ந்துவிடும். ஏந்தினால் குடித்து முடிக்க வேண்டியதுதான்.

அன்று முதல்தான் ஒட்டகப் பால் எவ்வளவு பிரை குத்தினாலும் தயிராவதில்லை. மேய்ப்பர்களும் அதை எருக்கிலையில் ஏந்தி, கன்று குடித்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, நின்றபடியே குடிக்கிறார்கள்.