நான்கு விரல் வெற்றிடம்

ஒரு குஞ்சு பொரிப்பகத்தின் சுவரில் ஒரு பவர் சப்ளை புதிதாகக் குடியேறியது. பொரிப்புப் பெட்டிக்குள் கதகதப்பைச் சுற்றிவிடும் விசிறிகளுக்கெல்லாம் மின்சாரம் ஊட்டுவது அதன் வேலை. தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வயிற்றுக்குள் ஒரு குட்டி விசிறியும் வைத்திருந்தது.

அதற்கு முன் இருந்ததை யாரோ அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அது புழுங்கியே கருகிப்போனது. அன்றைக்கு உயிர் போன முட்டைகளைக் குழியில் கொட்டி மூடியவள், பொரிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் தெய்வாத்தாள். இன்னொரு தரம் அப்படியொரு குழி வெட்ட அவளுக்குத் தெம்பில்லை.

எலக்ட்ரீஷியன் ஜபருல்லா மெயினை அணைத்துவிட்டு, புதியதை நிமிர்த்தி வைத்து நான்கு திருகாணிகளை இறுக்கினார். எர்த் கம்பியைப் பூட்டினார். பிறகு சுற்றிலும் நான்கு விரல் தள்ளி, சுவரில் மஞ்சள் பெயின்டால் ஒரு கட்டம் போட்டார்.

"ஏனுங்க, இத்தனை எடம் சும்மா கெடக்குதுங்களே. மருந்துப் புட்டிக்கு ஒரு பலகை அடிச்சுக்கட்டுங்களா?" என்றாள் தெய்வாத்தாள்.

"வேண்டாமுங்க அக்கா. அது மூச்சு விடற எடமுங்க. காலியாவே கெடக்கட்டும்."

அவர் போனதும் பவர் சப்ளை அக்கம்பக்கம் விசாரித்தது. "நாங்கள் உன்னைத் தாங்குகிறோம்" என்றன திருகாணிகள். "கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிடுவேன்" என்றது எர்த் கம்பி.

"நீ?" என்று மஞ்சள் கட்டத்துக்குள் இருந்த வெற்றிடத்தைக் கேட்டது.

"நான் ஒன்றும் செய்வதில்லை."

"கொடுத்துவைத்தவன்!" என்று பவர் சப்ளை சிரித்தது.

ஆயுத பூஜை வந்தது. முட்டைகளுக்கு அன்று பத்தொன்பதாம் நாள்; பொரிய இன்னும் இரண்டே நாள். தெய்வாத்தாளுக்கு மனசு நிறைந்திருந்தது. பவர் சப்ளைக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கனத்த செவ்வந்தி மாலை ஒன்றைத் தலையில் போட்டாள். அடியில் ஸ்டூலை நகர்த்திப் பொரி, பழம், தேங்காய் எல்லாம் குவித்தாள். "நல்லா இருப்பா சாமி" என்று கும்பிட்டுவிட்டு வெளியே போனாள்.

பவர் சப்ளைக்குப் புல்லரித்தது. இதுவரை யாரும் அதற்கு நன்றி சொன்னதில்லை.

"எனக்கு மூச்சு முட்டுகிறது" என்றது குட்டி விசிறி. இரு பக்கமும் தொங்கிய பூக்கள் அதன் வாயில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

"சும்மா இரு. ஆசையாகப் போட்டிருக்கிறாள்."

மாலைக்குச் சங்கடமாகப் போயிற்று. "நான் மரியாதை செய்யத்தானே வந்தேன்?" என்றது.

சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்கு இருந்த வெற்றிடத்தின் குரலே கேட்கவில்லை. பூவும் பழமும் அடைத்துக்கொண்ட இடத்தில் அது இல்லை.

பவர் சப்ளைக்கு உடம்பு கொதித்தது. வெற்றிடம் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தது என்று இப்போதுதான் அதற்குப் புரிந்தது. "நான் நின்றால் குஞ்சுகளுக்குக் காற்று நின்றுவிடுமே!" என்று தவித்தது.

"நீ நின்றால் அவள் ஓடி வருவாள். எரிந்துபோனால் ஓடி வந்தும் பயனில்லை" என்றது விசிறி.

பவர் சப்ளை தன் ஓட்டத்தைத் தானே நிறுத்திக்கொண்டது.

வாசலில் பொரி தின்றுகொண்டிருந்த தெய்வாத்தாளுக்கு விசிறிகளின் இரைச்சல் நின்றது சுருக்கென்றது. ஓடி வந்து, மெயினை அணைத்து, பவர் சப்ளையின்மேல் புறங்கை வைத்தாள். சுட்டது.

"அய்யோ, நானே இதை மூச்சு முட்ட வெச்சுட்டனே!"

மாலையை எடுத்தாள். ஒட்டியிருந்த இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். ஸ்டூலைத் தள்ளினாள். பவர் சப்ளையின் சூடு ஆறும்வரை, உள்ளே கதகதப்பு போய்விடாதபடி பொரிப்புப் பெட்டியைத் திறக்காமல், அதன்மேல் கையை வைத்தபடியே நின்றாள். பிறகு மெயினைப் போட்டாள். குட்டி விசிறி ஒரு தரம் தயங்கிவிட்டுச் சுற்றியது.

"வந்துவிட்டாயா?" என்று பவர் சப்ளை வெற்றிடத்தைக் கேட்டது. "உனக்கு நான் எப்படி நன்றி சொல்வது?"

"என்னை இப்படியே விட்டுவை. அது போதும்."

மூன்றாம் நாள் காலை கூடம் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று சத்தம். தெய்வாத்தாள் ஒரு குஞ்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த ஆண்டு ஆயுத பூஜைக்கு மாலை கதவுக்குப் போனது. அவள் விரலில் சந்தனம் தொட்டு, மஞ்சள் கட்டத்துக்குள் வெறும் சுவரில் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டாள்.

குஞ்சு வாங்க வந்தவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அங்க ஒண்ணையுமே காணோமே?"

"ஆமாங்க," என்றாள் தெய்வாத்தாள். "அதனாலதானுங்க கும்பிடறேன்."