மூணாம் நம்பர் மிஷின்

“நான் வேலைய விட்டு நின்னுக்கறேனுங்க அம்மணி,” என்றார் பொங்கியண்ணன்.

டூல் ரூம் ஜெசிந்தா தலையைத் தூக்கவில்லை. எட்டு மாதமாக அவருக்குத் தொழில் பழக்கிவிட்டவள் அவள்தான். வயதில் அவரைவிடப் பதினைந்து வருடம் சின்னவள்.

“ஏன்ணா?”

“லேத்துல நின்ன காலத்துல பக்கத்துல நாலு பேரு இருப்பாங்க, பேசுவாங்க, சிரிப்பாங்க. இங்க எல்லாம் கம்ப்யூட்டர் மிஷினு, கதவைச் சாத்திட்டா அது பாட்டுக்கு ஓடுது. கண்ணாடிக்கு வெளிய நான் ஒத்தையில நிக்கறேன். ஒருத்தரும் என்ன ஏதுன்னு கேக்கறதில்லைங்க.”

பொய்யில்லை. மனைவி தவறிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு இந்தக் கம்பெனியில் சேர்ந்த மனுஷன். அதைப் பற்றி இங்கே ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. வீட்டிலும் ஆளில்லை, இங்கும் பேச்சில்லை. பாவம், எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்?

“மூணாம் நம்பர் மிஷினை மட்டும் பாத்துக் குடுத்துட்டுப் போங்க,” என்றாள் ஜெசிந்தா.

மூன்று நாளாக அதில் போடுகிற துளையெல்லாம் பெரிசாகவே விழுந்துகொண்டிருந்தது. துளை போடும் டூல் ஆடுகிறது. டூலை மாற்றிப் பார்த்தார்கள். அதைப் பிடித்திருக்கும் ஹோல்டரையும் மாற்றிப் பார்த்தார்கள். ஆட்டத்தை அளக்கும் டயலை வைத்தால் முள் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

ஜெசிந்தா மிஷினை நிறுத்தி ஹோல்டரைக் கழற்றினாள். அது போய் உட்காரும் குழியைக் காட்டினாள்.

“உள்ள விரலை விடுங்க.”

“துடைச்சுத்தானுங்க இருக்குது. பளபளன்னு மின்னுது பாருங்க.”

“கண்ணை மூடிட்டு விடுங்க.”

விட்டார். விரல் மெதுவாகச் சுற்றி வந்தது. ஓரிடத்தில் நின்றது. நகத்தால் சுரண்டி எடுத்தார். தலைமுடி கனம்கூட இல்லை, ஓர் இரும்புச் சிராய்.

மறுபடி மாட்டி டயலை வைத்தார்கள். முள் பேசாமல் நின்றது.

பொங்கியண்ணனுக்கு வந்ததே கோபம்! மிஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“ஏன்டா, இத்தினியூண்ட உள்ள வெச்சுக்கிட்டா மூணு நாளா இந்த ஆட்டம் ஆடுன? வாயைத் தொறந்து சொன்னாத்தானடா அடுத்தவனுக்குத் தெரியும்!”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கை மிஷின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

“என்ற வீட்டுக்காரி தவறிட்டா, அம்மணி,” என்றார். “எட்டு மாசமாச்சு.”