வாசிக்க மறுத்த வாசகம்

வாசகப் புத்தகத்தைக் கோயிலின் பின்னறை மேசைமேல் பட்டென்று வைத்தார் கயித்தான்.

“நாளைப் பூசைக்கு நான் வாசிக்க மாட்டேன், சிஸ்டர்.”

கடலுக்குப் போகிறவர் அவர். விவிலியம் சொல்லிக்கொடுத்து அவரைப் பீடத்தருகே வாசிக்க ஏற்றியவர் சிஸ்டர் பெலாஜியா. சிஸ்டர் அவரைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் சிஸ்டர் சொல்லைக் கயித்தான் இதுவரை தட்டியதில்லை.

“ஏன்?”

“கண்ணு தெரியாத தகப்பன்கிட்ட தம்பிக்காரன் போயி, நாந்தான் மூத்தவன்னு சொல்லி ஆசீர வாங்குதான். சொல்லிக்குடுத்தது பெத்த தாய்! பொறவு மூத்தவன் ஏசா வந்து கதறுதான் பாருங்க, அது வாசகத்துலயே இல்ல. அதுக்கு முன்னாலயே வெட்டிட்டாங்க. ஏமாத்துனவன் ஜெயிச்ச இடத்துல நிறுத்தி, ‘இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு’ன்னு நான் சொல்லணுமா? சனமெல்லாம் ‘இறைவா உமக்கு நன்றி’ன்னு சொல்லணுமா? எதுக்கு நன்றி?”

நியாயமான கோபம். அந்த வாசகத்தைக் கேட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுகிற நம்மைத்தான் என்ன சொல்வது?

“ஏசாவுக்காகவா இவ்வளவு கோபம்?” என்றார் சிஸ்டர்.

கயித்தானின் முகம் சுருங்கியது. ஊருக்கே தெரிந்த விஷயம்தான். போன வருடம் அவர் கடலில் இருந்தபோது அப்பாவுக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணில் பூ விழுந்த மனிதர், “பெரியவன் வந்துட்டானா?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவால் பார்க்க முடியவில்லை. “நாந்தான் அவன்னு சொல்லுல” என்று தம்பி ரொக்கியை முன்னால் தள்ளினாள். “தோத்திரம்ப்பா, கயித்தான் வந்துட்டேன்” என்றான் ரொக்கி. அப்பா அவன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார். அன்றைக்கே கண்ணை மூடிவிட்டார்.

“எனக்குக் கெடைக்க வேண்டிய கடைசிச் சிலுவ, சிஸ்டர்! அதத் திருடிட்டு, மன்னிப்புக் கேக்கேன்னு வாசல்ல வந்து வந்து நிக்கான். நான் கதவத் தெறக்கல. தெறக்கவும் மாட்டேன்!”

சிஸ்டர் கண்களை மூடிக்கொண்டார்.

“நான் ரொக்கின்னு சொல்லுங்க.”

“என்னது?”

“சொல்லுங்க.”

“நான்... ரொக்கி.”

“இல்ல. நீங்க கயித்தான்.”

“எங்கூடப் பேசிப் பழகுன ஆளு நீங்க. குரல வச்சே கண்டுபிடிச்சிருவீங்கல்லா?” என்றார் கயித்தான்.

“எனக்கே தெரியுது. பெத்து வளத்தவருக்குத் தெரியாதா? வாசகத்துல வர்ற தகப்பன் ஈசாக்குக்கே குரல்ல சந்தேகம் வந்துச்சே. உங்க அப்பாவுக்குக் கண்ணுதான போச்சு?”

கயித்தான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“காது... கடைசி வர நல்லாக் கேட்டுது. அப்ப, தெரிஞ்சேவா போட்டாரு?”

“யார் பேரச் சொல்லிப் போட்டாரு?”

“எம் பேரத்தான். ‘கயித்தான், சேசு உன்னக் காப்பாத்தட்டும்’னு சொன்னாராம். அம்மா சொன்னா.”

இப்போது சிஸ்டருக்குக் கோபம் வந்தது.

“ரொக்கி சொன்னது பொய். அத நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உங்க பேரச் சொல்லி, உங்க அப்பா உங்களுக்குன்னு அவன்கிட்ட குடுத்துவிட்ட சிலுவ அது. அதச் சுமந்துக்கிட்டு அவன் வந்து நின்னப்பல்லாம் கதவச் சாத்துனது யாரு?”