பெருங்காயம் மணத்த கிணறு

ராஜாக்கள் தங்கள் காலாலேயே நடந்து ஊர் பார்த்த காலம் அது. கேளுங்கள், அந்தக் காலத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நல்லணன் என்று ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் தீத்தாயி இருந்தாள். புருஷன் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள்.

நல்லணனுக்கு ஒரு மண் கிணறு. தீத்தாயிக்கு ஒரு புங்கமரம். கிணறு வேலியை ஒட்டி இந்தப் பக்கம், மரம் வேலியை ஒட்டி அந்தப் பக்கம்.

புங்கங்கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்துத்தான் தீத்தாயி பிழைத்தாள். அவள் எண்ணெயில் நல்லணன் வீட்டு விளக்கு எரியும். அவர் கிணற்றுத் தண்ணீரில் அவள் வீட்டு உலை கொதிக்கும். யாரும் பேசி வைத்ததில்லை. அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான்.

ஒரு நாள் நல்லணன் வேலியோரம் வந்து நின்றார்.

"தீத்தாயி, உன் கிளுவை வேலி என் தலைக்கு மேல போயிருச்சு. தடத்துல நடந்தா முள்ளு வேட்டியை இழுக்குது."

"அதுக்கென்னங்கண்ணே" என்றாள். அன்றைக்கே வேலியைக் கழித்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் மறுபடி வந்தார்.

"உன் மரத்துக் கிளை கிணத்து மேல நிக்குது. தண்ணி இறைச்சா பாதி பூவுதான் வருது. மாலை கட்டவா நான் கிணறு வெட்டினேன்?"

தீத்தாயி சிரித்துக்கொண்டே ஏறி, அந்தக் கிளையையும் வெட்டினாள்.

மூன்றாம் தடவை வந்தார்.

"மரத்தையே எடுத்துரு. அது நிழல்ல என் அகத்தி வெயிலைத் தேடிச் சாயுது. அகத்தி சாஞ்சா அதுல ஏறின கொடியும் சாயும்."

தீத்தாயி அரிவாளைக் கீழே வைத்தாள்.

"வேலியைக் கேட்டீங்க, கழிச்சேன். கிளையைக் கேட்டீங்க, வெட்டினேன். மரத்தை மட்டும் கேக்காதீங்கண்ணே. அது நிக்கிறதாலதான் எம்புள்ளைங்க சோறு தின்னுது."

நல்லணன் திரும்பிப் போனார். ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை.

வேரில் பெருங்காயம் வைத்தால் எந்த மரமும் பட்டுப்போகும் என்பது அந்த வட்டாரத்துப் பேச்சு. தீத்தாயி சந்தைக்குப் போன ஒரு பகலில் நல்லணன் வேலியடியைத் தோண்டினார். தன் பக்கம் ஓடி வந்திருந்த பெரிய வேரில் உளியால் குழி பறித்தார். பெருங்காயக் கட்டியை வெற்றிலையில் மடித்து, நாரால் கட்டி, உள்ளே திணித்தார். களிமண்ணால் பூசினார். கையைக் கழுவிக்கொண்டார். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று நினைத்தார்.

கோடையில் ராஜா அந்த வழியே நடந்து வந்தார். தாகம். நல்லணன் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். ஒரு வாய் குடித்த ராஜா நிறுத்திவிட்டார்.

"ஏனப்பா, உங்க ஊர்ல தண்ணியையே தாளிச்சுருவீங்களா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லணன் சிரிக்கவில்லை. "சொம்பு சரியாக் கழுவலீங்க" என்று வேறு சொம்பில் கொண்டுவந்தார். அதிலும் அதே வாசம். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாய் ஏறிய வாசம், தினமும் குடிக்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

ராஜா எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். மண்சுவரிலிருந்து ஒரு வேர் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கன்னங்கரேலென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். புங்கமரத்து இலை பாதி மஞ்சள்.

ஊரைக் கூட்டினார்.

"யாரோ இந்த மரத்துக்கு மருந்து வெச்சிருக்காங்க. எந்த இடத்துல வெச்சதுன்னு சொன்னா இப்பவே தோண்டி எடுத்துட்டு, சாணி அப்பி மரத்தைக் காப்பாத்தலாம். சொன்னவருக்குத் தண்டனை கிடையாது. மூணு தரம் கேப்பேன்."

முதல் தரம் கேட்டார். ஊரார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாம் தரம் கேட்டார். கேட்கும்போது அவர் கண் நல்லணன் மேல் இருந்தது. தீத்தாயி அதைப் பார்த்துவிட்டாள். அவள் செய்ததைக் கேளுங்கள். முன்னால் வந்து கைகூப்பினாள்.

"ராசா, எங்கண்ணனைப் பாத்துக் கேக்காதீங்க. அவரு கோவக்காரருதான். ஆனா எம்புள்ளைங்க வயித்துல அடிக்கிறவரு இல்ல."

மூன்றாம் தரம் கேட்டார். அந்த வார்த்தைக்குப் பிறகு வாயைத் திறப்பது எப்படி என்று நல்லணனுக்குத் தெரியவில்லை. யாரும் ஒத்துக்கொள்ளாததால் ராஜா தன் வழியே போய்விட்டார்.

மரம் இலையை உதிர்த்தது. பிறகு பட்டையை உதிர்த்தது. பிறகு நின்றபடியே செத்தது. தீத்தாயி வீட்டுச் செக்கில் சிலந்தி வலை கட்டியது. மிச்சமிருந்த பழைய எண்ணெயை அவள் நல்லணன் வீட்டு விளக்குக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு மத்தியானம், மழை விட்ட நேரம், தரை அதிர்ந்தது. நல்லணன் ஓடி வந்து பார்த்தார். கிணற்றின் வேலிப்பக்கச் சுவர் மொத்தமாய்ச் சரிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்ற சுவரும் சரிந்தது. ஏற்றம், கயிறு, தண்ணீர் எல்லாவற்றையும் மண் விழுங்கியது. அத்தனை வருஷமும் அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது புங்கமரத்து வேர். அவர் அழுகவிட்ட வேர்.

தீத்தாயி வேலியைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, உள்ள ஆரும் இல்லையே? பொழைச்சீங்களா?"

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். சரிவில் அந்த வேர் முறிந்து நீட்டிக்கொண்டிருந்தது. மழையில் களிமண் கரைந்து குழி வாயைப் பிளந்திருந்தது. உள்ளே ஒரு பொட்டலம். வெற்றிலை மக்கிப்போயிருந்தது, நார் மக்கவில்லை. அந்த முடிச்சு, வெற்றிலைக் கட்டுக்கு நல்லணன் போடுகிற முடிச்சு. தினமும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் பார்த்த முடிச்சு.

எடுத்து முகர்ந்தாள். அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அன்னைக்கு ராசா முன்னால உங்களுக்காகப் பேசினேங்கண்ணே" என்றாள்.

திரும்பி நடந்தாள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் விளக்கு எரியவில்லை. அவள் வீட்டில் உலை கொதிக்கவில்லை. தை பிறக்குமுன் கொடிக்கால் முழுவதும் தண்ணீர் இல்லாமல் காய்ந்து சருகாயிற்று. நல்லணன் அந்தப் பொட்டலத்தைக் கடைசிவரை தூக்கிப் போடவில்லையாம்.

கதை இதுதான். இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது: பக்கத்து வீட்டுக்கு மறைவாகச் செய்கிற கேடு நம் வீட்டையும் சேர்த்தே சாய்க்கும் என்பதால், செய்த தப்பைச் சரிசெய்ய நேரம் இருக்கும்போதே வாய் திறந்து ஒத்துக்கொள்ள வேண்டும்.