‘உண்டு’ என்ற மாப்பிள்ளை

“‘கடவுள் இருக்கிறது’ன்னான் சாமி! நாற்காலி இருக்கிறது, நாய் இருக்கிறதுங்கிற மாதிரி. ‘இருக்கிறார்’னு ஒரு தடவைகூட அவன் வாயில வரல!”

பங்குச் சாமியாரிடம் ரோஸ்லின் வைத்த புகார் இதுதான். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. ‘அவன்’ என்றது மகள் செலினுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை ததேயுவை. கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவன். பையன் எப்படிப் பேசுவான், பார்ப்போமே என்று அவன் சொற்பொழிவுக்குப் போனாள் ரோஸ்லின். திணை பிசகினால் முட்டியில் தட்டும் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் அவள். காது சும்மா இருக்குமா?

அங்கே கேட்டது இது: ஃபிக்டே என்ற ஜெர்மானியத் தத்துவவாதிக்கு அறவொழுங்கே கடவுளாம். நாத்திகர் என்று பழி வந்து அவருக்கு வேலையே போனதாம். பிற்பாடு அவரே கடவுளை உயிர் என்றாராம். ஹெகல் என்ற இன்னொரு ஜெர்மானியருக்கோ கடவுள், மனிதன் வழியாகத் தன்னையே அறிந்துகொள்கிற ஆவியாம். இத்தனையில் இவன் எதைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குள் வருகிறான்?

மறுநாள் கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிக்கும் ஓலையை மூன்றாவது, கடைசி முறையாக வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். ரோஸ்லின் சொன்னால் கல்யாணம் நின்றுபோகும்.

“நீ எழுந்து நின்னியோ, அதுக்கப்புறம் எனக்கு வேற மாப்பிள்ளை தேடாதம்மா,” என்றாள் செலின்.

சாமியாரும் குருமடத்தில் அதே ஜெர்மானியர்களைப் படித்தவர்தான். புகாரை முழுக்கக் கேட்டுவிட்டு ததேயுவை அழைத்தார்.

“கடவுள் உண்டா, தம்பி?”

“உண்டு, சாமி.”

“செபம் பண்றதுண்டா?”

“உண்டு.”

“அப்புறம் என்னம்மா?” என்று எழுந்துவிட்டார்.

எங்கேயோ வழுக்குகிறதே என்று ரோஸ்லினுக்குப் பட்டது. மாப்பிள்ளை, சாமியார், மாமியார்: இந்த மூவரில் நழுவியவர் யார்?

விடை: மாப்பிள்ளை அல்ல. கேட்ட சொல்லிலேயே பதில் சொன்னான். ‘உண்டு’ ஆளுக்கும் பொது, நாற்காலிக்கும் பொது. ‘இருக்கிறாரா?’ என்று கேட்டிருந்தால் அவன் சாயம் தெரிந்திருக்கும். சண்டையே அந்த விகுதியைப் பற்றித்தான் என்று தெரிந்தும், எந்தப் பக்கமும் சாயாத சொல்லைப் பொறுக்கி எடுத்தவர் சாமியார். காப்பாற்றியது கல்யாணத்தையா, தன்னையா? கேட்டதற்குப் பதில் சொன்னவனை எப்படித் தடுப்பது? “நாளைக்கு நான் எழுந்து நிக்கல, போ,” என்று கூட வந்திருந்த மகளிடம் சொல்லிவிட்டு, ரோஸ்லின் சாமியார் பின்னால் ஓடினாள். அங்கி வேகமாக நடந்தது.

“சாமி, கொஞ்சம் நில்லுங்க! நீங்க யாரைக் கும்பிடுறீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க!”