காற்புள்ளிக்கு ஒரு பராக்

செங்கமேட்டு ராஜா வீரபூபதிக்கு ஐம்பது வயதில் ஆங்கில ஆசை பிடித்தது. கற்றுக்கொடுத்தவர், வெள்ளைக்காரர்களிடம் அரண்மனைக்காகப் பேசும் துபாஷி குப்பண்ணா.

"அண்ட், பட் எங்கே வந்தாலும் முன்னால் ஒரு காற்புள்ளி வேண்டும், மகாராஜா. வைக்காதவன் மூடன்" என்று சொல்லி வைத்தார். ராஜா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மாட்டியவர், அரண்மனைக் கடிதங்களை எழுதும் ராயசம் நரசய்யா. கவர்னர் துரைக்கு எழுதிய ஆங்கிலக் கடிதத்தில், பரிசுகளை அண்ட் போட்டு அடுக்கிய இடத்தில் அவர் காற்புள்ளியே வைக்கவில்லை.

"அண்டுக்கு இரண்டு பக்கமும் முழு வாக்கியம் இருந்தால்தான் காற்புள்ளி, மகாராஜா. மாம்பழமும் தேனும் வெறும் இரண்டு சொல். நடுவில் எதற்கு?"

"என் குருவையே எதிர்த்துப் பேசுகிறாயா? நாளையோடு உனக்கு வேலை போயிற்று!"

நரசய்யாவுக்கு வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். அவருடைய இடத்துக்குக் குப்பண்ணாவின் மைத்துனர் வாசலிலேயே காத்துக் கிடப்பது அரண்மனைக் காக்கைக்கும் தெரியும். ராஜாவுக்கு மட்டும் தெரியாது.

விதூஷகர் மருதப்பருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. அரண்மனை வழக்கங்கள் அத்தனையும் தெரியும்.

"மகாராஜா சொன்னதே சரி. துபாஷியாரே கடிதத்தைத் திருத்தட்டும். நாளைக்குச் சபையில் முறைப்படி வாசித்துவிட்டு அனுப்பலாம்" என்றார் அவர்.

நண்பன் என்று நம்பியவனா இப்படி! நரசய்யா மருதப்பரை முறைத்தார்.

செங்கமேட்டில் ஒரு வழக்கம். சபையில் ராஜாவின் ஆணையோ கடிதமோ ஒலிக்கும்போது நடுவே மௌனம் விழக் கூடாது. விழுந்தால் கட்டியக்காரன் ராஜாவின் பட்டங்களை முழுக்கச் சொல்வான். சொல்லி முடிக்கும்வரை ராஜா செங்கோலை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும்.

மறுநாள் சபை கூடியது.

"காற்புள்ளி வந்தால் நிறுத்தித்தானே வாசிக்க வேண்டும், துபாஷியாரே?" என்று கேட்டார் மருதப்பர்.

"பின்னே?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொடங்கினார் குப்பண்ணா. "மாம்பழம்,"

"ராஜாதி ராஜ! ராஜ மார்த்தாண்ட! ஏழு மலைக்கும் எட்டு ஆற்றுக்கும் அதிபதி! வீரபூபதி மகாராஜா, பராக்! பராக்!"

"அண்ட் தேன்,"

"ராஜாதி ராஜ! ராஜ மார்த்தாண்ட!"

பலாப்பழம் வருவதற்குள் ராஜாவுக்குத் தோள் கடுத்தது. மான்தோல் வருவதற்குள் சமையல்கட்டில் சோறு ஆறிப்போனது. கட்டியக்காரனுக்கோ தொண்டை கட்டி, பட்டமெல்லாம் தவளைச் சத்தமாக வந்தது.

"நிறுத்தும் ஐயா! இன்னும் எவ்வளவு?" என்று கத்தினார் ராஜா.

"முதல் வாக்கியமே முடியவில்லை, மகாராஜா" என்றார் மருதப்பர், மிகுந்த பணிவோடு. "துரை முன்னாலும் இப்படித்தானே வாசிப்பார்கள்? முடிவதற்குள் அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு சீமைக்கே போய்விடுவார்."

"நரசய்யா எழுதியதில் எத்தனை காற்புள்ளி?"

"ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவில்" என்றார் நரசய்யா.

"அதையே அனுப்புங்கள்! நரசய்யா வேலையில் இருக்கட்டும்!"

"மகாராஜா, இலக்கணம்..." என்று இழுத்தார் குப்பண்ணா.

"இலக்கணத்தை என் தோளிடம் கேளும்!"

நரசய்யாவின் கண் நிறைந்துவிட்டது. அவரையும் மருதப்பரையும் மாறி மாறிப் பார்த்த ராஜாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மருதப்பா, இந்தா ஆணை! உனக்கு ஒரு பட்டுச் சால்வை..." வேறென்ன தரலாம் என்று யோசிக்க நிறுத்தினார்.

கட்டியக்காரன் மூச்சை இழுத்தான்.

"ஒரு தங்கக் காப்பு!" என்று அலறினார் ராஜா. அலறிய களைப்பில் மூச்சு வாங்கினார்.

கட்டியக்காரன் வாயைத் திறந்தான்.

"ஒரு ஜோடிக் காளை!"

மருதப்பர் கைகட்டி, தலை குனிந்து நின்றார்.

"அவசரமே இல்லை, மகாராஜா. நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்."