ராகு காலத்துல ஏறின தாலி

ஒரு ஊர்ல ஒரு மங்கையர்க்கரசி இருந்தா. பேரு நீளம், ஆளு குட்டை.

"அது எங்கம்மா பேரு அத்தை."

உங்கம்மா கதைதான்டி. ஜமக்காளத்துல ஒழுங்கா படுத்து ம் கொட்டு. மண்டபத்துல எல்லாரும் தூங்கறாங்க.

"ம்."

அவளுக்கு எட்டு வயசுலயே சக்கரை வந்துடுச்சு. சக்கரைன்னா என்ன? நாம தின்ற சோறு, இட்லி எல்லாம் சக்கரையா மாறி ரத்தத்துல ஓடும். அப்போ வயித்துக்குப் பின்னாடி இருக்கற கணையம் இன்சுலின்னு ஒருத்தன அனுப்பும். அவன் டக் டக்னு ஒடம்புல ஒவ்வொரு கதவா தட்டி, "சக்கரை வந்திருக்கு, உள்ள வாங்கிக்க"ம்பான். மிச்சத்த, குதிர்ல நெல்லு கொட்டற மாதிரி கல்லீரல்ல கொட்டி வெப்பான். ரத்தத்துல சக்கரை கொறஞ்சா அவன் ஒதுங்கிக்குவான். குளுக்ககான்னு இன்னொருத்தன் வந்து குதிரத் தெறந்து விடுவான். கூடவும் விடமாட்டாங்க, கொறையவும் விடமாட்டாங்க. நீ தூங்கும்போதும் இந்த வேலை நடக்குது.

மங்கைக்கு அந்த மொத ஆளு வேலைய விட்டே போயிட்டான். அதனால ஊசில வெளியாள உள்ள அனுப்புவா. அந்த வெளியாளுக்கு நிறுத்தத் தெரியாது. சோறு வந்துச்சா வரலையான்னு பாக்காம இருக்கற சக்கரைய எல்லாம் வாரி வாரித் தள்ளுவான். ரெண்டாவது ஆளும் வருஷம் போகப் போக மந்தமாயிட்டான், கூப்பிட்டா வரமாட்டான். அதனால ஊசி போட்டா உடனே சாப்பிட்டாகணும். இல்லேன்னா மயக்கம் வந்து உசுருக்கே ஆபத்தாயிடும்.

"ம்."

அப்புறம் உங்கப்பன் தணிகாசலத்துக்கும் அவளுக்கும் கல்யாணம் முடிவாச்சு. மங்கையோட அம்மா, "சக்கரைன்னு சொன்னா எவன் கட்டுவான்? தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்"னு அழுது அவ வாயக் கட்டிட்டாங்க. மங்கைக்கு அது புடிக்கவே இல்ல.

திங்கக்கிழமை. ஆறுலேர்ந்து ஏழரை முகூர்த்தம், ஏழரைக்கு ராகு காலம். ஆறு மணிக்குப் பொண்ணு ரூமுக்கு நாலு இட்லி வந்துச்சு. மங்கை கதவச் சாத்திட்டு ஊசியப் போட்டுக்கிட்டு தட்ட இழுத்தா. அப்போ டமார்னு கதவு தெறந்துச்சு. மாப்பிள்ளை வீட்டு ராங்கிக்காரி ஒருத்தி உள்ள வந்தா.

"எங்க வீட்டு வழக்கம் தெரியாதா? தாலி ஏறுற வரைக்கும் பொண்ணு பல்லுல பச்சத்தண்ணி படக்கூடாது." தட்டத் தூக்கிட்டுப் போயிட்டா. ஊசி உள்ள போயிடுச்சு, இட்லி வெளிய போயிடுச்சு.

"யாரு அத்தை அவ?"

அப்புறம் சொல்றேன். மணவறைல உக்காந்தா, கை வெடவெடன்னு நடுங்குது. "அம்மா, சக்கரை எறங்குது. ஏதாவது குடு." அம்மா அவ காதுல முணுமுணுத்தாங்க. "பொறுத்துக்க கண்ணு, மானம் போயிடும்."

அப்புறம் வேர்வை. பட்டுப்புடவை முதுகுல சொதசொதன்னு ஒட்டிக்கிச்சு. ராங்கிக்காரி மாலையச் சரி பண்ணக் குனிஞ்சா. "ஒரு வாய் ஏதாச்சும் தாங்களேன்"னா மங்கை. "ஒரு வேளைப் பசி தாங்காதவ குடும்பம் நடத்தப் போறியா?"ன்னு கேட்டுட்டு அவ நிமுந்துட்டா.

அப்புறம் நெஞ்சு திடும் திடும்னு அடிக்குது, ஐயர் ரெண்டா தெரியறாரு. "சாமி, கொஞ்சம் சக்கரத் தண்ணி." ரெண்டு ஐயரும், "ஆச்சும்மா, அஞ்சே நிமிஷம்"னாங்க.

அப்போ வந்துச்சு பாரு அவளுக்குக் கோவம். என் உசுரு போனப்புறம் யாரு கழுத்துல கட்டுவீங்கன்னு நெனச்சா. இடுப்புலேர்ந்து சுருக்குப்பைய உருவி, விரல்ல சுருக்குனு குத்தி, சக்கரை பாக்கற மெஷின்ல ஒரு சொட்டு ரத்தம் வெச்சா. பீப். அம்பத்திரண்டு. எழுபதுக்குக் கீழ போகவே கூடாது.

முன்னாடி சீர்த்தட்டுல இருந்த கல்கண்ட ஒரு கை அள்ளி வாயில போட்டா. கறுக் முறுக், கறுக் முறுக். ஐயரோட மைக்குல விழுந்து மண்டபம் பூரா கேக்குது. நாயனக்காரர் வாய்லேர்ந்து நாயனத்த எடுத்துட்டாரு.

அதே மைக்குல சொன்னா. "எனக்குச் சக்கரை இருக்கு. எட்டு வயசுலேர்ந்து ஊசி போட்டுக்கறேன். மறைச்சது தப்பு. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

மண்டபமே கசமுசங்குது. அவ அம்மா முந்தானைல மூஞ்சிய மூடிக்கிட்டாங்க. ஐயர் கடியாரத்தப் பாத்துட்டு, "சம்மதம்னா சீக்கிரம் கட்டுப்பா, முகூர்த்தம் முடியப் போறது"ன்னாரு.

"கட்டக்கூடாது. சக்கரை ஏறப் பதினஞ்சு நிமிஷம் ஆகும். நெனவு தப்பற நெலமைல நான் கழுத்த நீட்டமாட்டேன்."

"ராகு காலம் வந்துடும்மா."

"வரட்டும்."

உங்கப்பன் எல்லார் மூஞ்சியையும் பாத்தான். அப்புறம் தாலியத் தேங்கா மேல திருப்பி வெச்சான். "எத்தன வரணும்?"னு கேட்டான். "எழுபதத் தாண்டணும்." "சரி, உக்காந்திருக்கேன்."

அப்படியே ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க. முந்நூறு பேரும் உக்காந்திருந்தாங்க. ஏழரை ஆச்சு, ராகு காலமும் வந்துச்சு. தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

பதினஞ்சு நிமிஷம் கழிச்சு, "கைல கல்கண்டு ஒட்டியிருந்தா நம்பர் தப்பா காட்டும்"னு மங்கை சொன்னா. உங்கப்பன் செம்புத் தண்ணிய அவ கைல ஊத்தினான். துடைச்சா, குத்தினா. பீப். எம்பத்தி நாலு.

"இப்போ கட்டுங்க"ன்னா. டும் டும் டும்னு கெட்டிமேளம். ராகு காலத்துல ஏறின தாலி, பன்னெண்டு வருஷமா கழுத்துல கெடக்கு.

"அத்தை, அந்த ராங்கிக்காரி?"

அவளா? இதோ, உன் காலப் புடிச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா.

நான்தான்டி. அன்னிக்கு அந்த இட்லித் தட்ட என் கையால தூக்கிட்டுப் போனேன். உங்கம்மாவக் கொல்லப் பாத்திருக்கேன். விடிஞ்சா உங்க சித்தப்பன் கல்யாணம். பொண்ணுக்குச் சக்கரை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, அஞ்சு மணிக்கே நாலு இட்லி இதே கையால கொண்டு போறேன். வழக்கம்னு எவளாவது குறுக்க வரட்டும், அவளும் ஆச்சு நானும் ஆச்சு.

கதையும் ஆச்சு, கல்யாணமும் ஆச்சு. கண்ண மூடு.